தலையணையும் தபால்காரியும்

பல்வலிக்காரனுக்குப் பக்கத்து வீடு தீப்பிடித்தாலும் தெரியாது. ஒன்பது வருடமாகப் பல் கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்திருப்பவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரியும். தெரிந்தும், கண்ணைத் திறந்துகொண்டே போய்க் கிணற்றில் விழுந்தாள்.

கிளினிக்கில் அவளுக்குப் பெயர் டோக்கன். காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை "டோக்கன் பதினாலு, உள்ள போங்க" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பெற்றவர்கள் வைத்த பெயர் மறைந்து இது ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரரே சந்தோஷமாக இருக்கும்போது அப்படித்தான் கூப்பிடுவார்.

சனிக்கிழமை ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை மட்டும் அவள் யாருக்கும் நம்பர் சொல்வதில்லை. அந்த ஒரு மணி நேரம் கிளினிக்கின் காத்திருப்பு அறையில் புத்தக வட்டம் கூடும். படிப்பது அறிவியல் நாவல்கள் மட்டும். வேறு கிரகத்தில் விவாகரத்து உண்டா, இயந்திரத்துக்குப் பொறாமை வருமா என்றெல்லாம் பேச்சு போகும். அவளும் வாய் ஓயாமல் பேசுவாள். வாரத்தில் மற்ற நேரமெல்லாம் அவள் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் எழுந்து உள்ளே போய்விடுவார். அவள் பேசும்போது நான்கு பேர் உட்கார்ந்து கேட்பது அந்த ஒரு மணி நேரம்தான். அதற்காகவே அவள் மற்ற ஆறு நாளையும் ஓட்டினாள் என்று சொன்னால் மிகை இல்லை.

நான்கு பேர் என்றது பழைய கணக்கு. பதினொரு பேரோடு ஆரம்பித்த வட்டம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, இவளையும் சேர்த்தே நான்கு பேரில் வந்து நின்றது. பல் டாக்டர், கீழே மருந்துக்கடை நடத்தும் அவருடைய அக்கா, பின்னறையில் செயற்கைப் பல் செய்யும் பல்செட்டு அண்ணன், அப்புறம் டோக்கன். ஆட்கள் ஓடியதற்குக் காரணம் டாக்டரின் ரசனை. அவர் கை தங்கக் கை, பல் பிடுங்கியதே தெரியாது. ஆனால் அவர் தேர்ந்தெடுத்த புத்தகங்களைப் படித்தவர்களுக்குப் பல்லைப் பிடுங்கிக்கொள்வதே தேவலை என்று ஆகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்த வருஷ அறிவியல் கதை விருதுக்கு அஞ்சு நாவல் இறுதிப் பட்டியல்ல இருக்கு. அஞ்சையும் வாங்கிட்டேன். அதுல ஒண்ணு எடுப்போம். அதுவும் தேறலன்னா வட்டத்தை மூடிரலாம். ஒரு மணிக்கும் பேஷண்ட் பாத்தா எனக்கு ராத்திரி சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்."

"நீ எடுத்தா தேறாதுடா தம்பி," என்றார் அக்கா. தம்பி நாற்பத்தெட்டு வயதுப் பல் டாக்டர் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

"அப்ப யார் எடுக்கறது? நீ எடுத்தா எல்லாரும் சாகற கதையா எடுப்ப."

அப்போதுதான் டோக்கன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். "நம்ம யாரும் எடுக்க வேணாம் டாக்டர். பேஷண்டுங்க எடுக்கட்டும். அஞ்சு புஸ்தகத்தையும் இங்கயே வெச்சிருவோம். காத்திருக்கற நேரத்துல படிப்பாங்க. நான் டோக்கன் கூப்பிடுவேன். ஒரு தடவை கூப்பிட்டதும் எழுந்து போயிட்டா அந்தப் புஸ்தகத்துக்கு ஒண்ணும் கிடையாது. ரெண்டாவது, மூணாவது தடவை கூப்பிட வெச்சா, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மார்க். ஆளை எழுந்திருக்க விடாத கதைதானே நல்ல கதை?"

டாக்டருக்குப் பிடித்துப்போனது. "இதுதாம்மா விஞ்ஞானம்," என்றார். பல்செட்டு அண்ணன் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார், அது வேறு விஷயம்.

டோக்கன் கண்ணும் கருத்துமாக வேலையைத் தொடங்கினாள். அறையில் ஐந்து இடம் பார்த்து, இடத்துக்கு ஒரு புத்தகமாக வைத்தாள். யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று, மருந்துக்கடையில் சணல் வாங்கி ஒவ்வொன்றையும் நாற்காலிக் கையோடு கட்டியும் விட்டாள். எழுநூறு பக்கப் புத்தகம் ஒன்று இருந்தது. ஒன்பதாவது நிலவின் நிர்வாகத்தைப் பற்றி யாரோ உட்கார்ந்து எழுதித் தள்ளியிருந்தார்கள். அதற்கு அவள் வைத்த பெயர் தலையணை. டாக்டரின் மனசு அதன் மேல்தான். அவளுடைய மனசு வேறொன்றின் மேல் இருந்தது. கிரகத்துக்குக் கிரகம் கடிதம் கொண்டுபோகும் ஒருத்தியின் கதை. அதற்குத் தபால்காரி என்று பெயர். கட்டுவதற்கு முன்பே வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு முறை படித்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. நடுவர் ஒரு பக்கம் சாயக் கூடாது அல்லவா?

ஒரு மாதம் மார்க் போட்டாள். வெள்ளிக்கிழமை மதியம் கூட்டிப் பார்த்தபோது தலையணைக்கு நாற்பத்தொன்று. தபால்காரிக்கு மூன்றே மூன்று. மற்ற மூன்றும் நடுவில் எங்கோ கிடந்தன.

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. கையுறையைக்கூடக் கழற்றாமல் படியிறங்கி ஓடி, "அக்கா, நாப்பத்தொண்ணு!" என்று மருந்துக்கடை வாசலில் நின்று கத்தினார். டோக்கன் தன் மூன்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். ஊர் ரசனை அப்படி என்றால் அவள் என்ன செய்ய முடியும்?

அன்று சாயங்காலம் டோக்கன் இருபத்திரண்டு வந்தார். ஆறடி உயரம், கொடுவாள் மீசை, லாரி நிறுத்துமிடத்தில் காவல் வேலை. தண்ணீர் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்து, தலையணையைப் பிரித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவருடைய முறை வந்தது. கூப்பிட்டாள். அசையவில்லை. ஐந்து தடவை கூப்பிட்டும் ஆள் அசையவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று ஆசை தாங்காமல் எழுந்து பக்கத்தில் போனாள்.

"கதை அவ்வளவு நல்லா இருக்கா சார்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை. "எந்தக் கதைம்மா?"

"கையில வெச்சிருக்கீங்களே, அது."

அவர் குனிந்து பார்த்தார். தன் கையில் புத்தகம் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது போல இருந்தது அந்த முகம். "ஏம்மா," என்றார் சின்னக் குரலில், "ஊசி போட்டுட்டுத்தானே பிடுங்குவாங்க?"

புத்தகம் ஒன்பதாம் பக்கத்தில் திறந்திருந்தது. அந்தப் பக்கத்தின் ஓரம் கட்டைவிரல் வியர்வை பட்டுப் பட்டு ஊறிப்போயிருந்தது. அடுத்த தாளிலிருந்து கடைசிவரை கடையில் வாங்கிய மெருகு குறையவில்லை.

டோக்கனுக்குச் சந்தேகம் தட்டியது. அவரைக் கையைப் பிடித்து உள்ளே அனுப்பிவிட்டு வந்து, டோக்கன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். அதில் ஒவ்வொரு நம்பருக்கும் எதிரில் என்ன சிகிச்சை என்று அவள் கைப்படவே எழுதியிருக்கும். தலையணைக்கு மார்க் விழுந்த இடமெல்லாம் பிடுங்கல், பிடுங்கல், பிடுங்கல். அந்த மூலையில் உட்கார்ந்தால் டாக்டர் அறைக் கதவு கண்ணில் படாது. பயந்தவர்கள் எல்லாரும் தேடிப்போய் அங்கேதான் உட்காருவார்கள். அங்கேதான் அவள் தலையணையைச் சணல் போட்டுக் கட்டியிருந்தாள். தபால்காரியோ கதவுக்குப் பக்கத்தில். சும்மா பல்லைச் சுத்தம் செய்துகொள்ள வந்தவர்கள் சட்டென்று எழுந்து போக வசதியாக உட்காரும் இடம் அது.

ஒரு மாதம் அவள் கதையை அளக்கவில்லை. பயத்தை அளந்திருக்கிறாள்.

அன்று ராத்திரி முழுக்கத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல வெளியில் சொல்ல முடியாமல் தவித்தாள். சொன்னால், தேர்வும் இல்லை வட்டமும் இல்லை என்று டாக்டர் கடையை மூடிவிடுவார். சொல்லாவிட்டால் தலையணையைப் படிக்க வேண்டும். அதைப் படித்தால் வட்டம் தானாகவே ஒன்பதாம் பக்கத்தில் உயிரை விடும். உண்மையைச் சொன்னாலும், 'டாக்டர் புத்தகம் ஜெயித்ததும் கணக்கே தப்பு என்கிறாள்' என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் வேறு. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அவளுக்குக் கிடையாது. இருந்திருந்தால் ஒன்பது வருடம் முன்மேசையிலேயே உட்கார்ந்திருப்பாளா?

சனிக்கிழமை ஒரு மணிக்கு நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். டாக்டர் தலையணையைச் சணலிலிருந்து அவிழ்த்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், ஒரு விஷயம். அது ஜெயிக்கல."

"நாப்பத்தொண்ணு மார்க் விழுந்திருக்கேம்மா?"

"அது புஸ்தகத்துக்கு விழுந்ததில்ல டாக்டர். உங்களுக்கு விழுந்தது."

விஷயத்தை நோட்டோடு விளக்கினாள். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "நாப்பத்தொண்ணும் நீ வாங்கினதாடா தம்பி!" பல்செட்டு அண்ணன்கூடத் தலையாட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. தங்கக் கை என்று ஊரே சொல்லும் மனிதருக்கு, ஊரே அவரைக் கண்டு மூலையில் ஒளிகிறது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்?

"சரி விடு," என்றார் கடைசியில். குரல் இறங்கிப்போயிருந்தது. "கணக்கும் போச்சு. இனிமே மறுபடியும் ஒரு மாசம் யார் உக்காந்து எண்ணறது? போதும்மா. அடுத்த வாரத்துலேர்ந்து ஒரு மணிக்கும் டோக்கன் குடுத்துரு."

"சரி டாக்டர்," என்றாள். மடியில் இருந்த நோட்டை மூடினாள். செய்ததும் தான், கெடுத்ததும் தான் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் வந்தார். எதிர்ச்சாரியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். கன்னத்தைக் கையால் பொத்தியிருந்தார்.

"சாப்பாட்டு நேரம் சார், ரெண்டு மணிக்கு வாங்க," என்றாள் டோக்கன்.

"உயிர் போகுதும்மா. ரெண்டு மணிவரைக்கும் இங்கயே உக்காந்துக்கறேனே." சொல்லிக்கொண்டே கதவுப் பக்கத்து நாற்காலியை நோக்கி நகர்ந்தார்.

டாக்டர் எழுந்து வந்தார். "போன வாரம்தானே சார் சுத்தம் பண்ணி அனுப்பினேன்? எந்தப் பல்லு?"

"கீழ... இடது பக்கம்."

டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். தட்டினார். "வலிக்குதா?"

"இல்ல. அதுக்கு மேல."

"இதுவா?"

"வலது பக்கமோ என்னமோ."

"சார், உங்க வாயில இருக்கற முப்பத்திரண்டும் கல்லு மாதிரி இருக்கு. யாருக்கு வலிக்குது?"

வாத்தியார் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். அசடு வழிந்தது. "மன்னிச்சுக்கணும் டாக்டர். இந்தத் தபால்காரி கதையில இருநூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல விட்டுட்டுப் போனேன். கட்டி வெச்சிருக்கீங்களா, கேட்டா குடுப்பீங்களோ என்னமோன்னு கூச்சம். இந்த ஒரு வாரமா பிரேக் சொல்ற இடத்துல கிளட்ச்னு சொல்லிக்கிட்டிருக்கேன்."

"இருநூத்திப் பன்னெண்டா? ஒரு தடவைதானே வந்தீங்க?" என்றாள் டோக்கன்.

"இல்லம்மா. மூணு நாள் பேஷண்டுக்குத் துணைக்கு வந்த ஆள் மாதிரி உக்காந்துட்டுப் போனேன்."

துணைக்கு வந்தவர்களுக்கு டோக்கன் ஏது? அந்த மூன்று நாளும் அவள் நோட்டில் அவர் இல்லவே இல்லை.

"அப்படி என்ன சார் கதை?" என்றார் டாக்டர், கொஞ்சம் பொறாமையாக.

வாத்தியார் சொல்ல ஆரம்பித்தார். ஒரு கடிதம் போய்ச் சேரவே நாற்பது வருடம் ஆகும் தூரம். தபால்காரி கப்பலில் தூங்கித் தூங்கிப் பயணம் போவதால் அவளுக்கு வயது ஏறாது. எழுதினவர் செத்துப்போயிருப்பார், வாங்குகிறவர் கிழவராகியிருப்பார். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். ஒருநாள் மூட்டையில் அவள் பெயருக்கே ஒரு கடிதம் கிடக்கிறது. வகுப்பெடுக்கும் குரல் அவருக்கு, அறை முழுக்க நிறைந்தது.

"யாருடா நமக்கு எழுதறதுன்னு திருப்பிப் பாக்கறா. அனுப்பினவங்க பேரு இருக்கற இடத்துலயும் அவ பேருதான். கையெழுத்தும் அவளோடதுதான். ஆனா அவ எழுதவே இல்ல. அப்ப அது அவ கடுதாசியா, அடுத்தவ கடுதாசியா? பிரிக்கலாமா கூடாதா? கத்திரிக்கோலை எடுத்து ஓரத்துல வைக்கறா..."

நிறுத்திவிட்டார்.

"அப்புறம்?" என்றார் டாக்டர்.

"அப்புறம்?" என்றார் அக்கா.

"அதுக்குத்தானே சார் வந்தேன்!"

பல்செட்டு அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "பிரிச்சாளா இல்லையா? யாருக்காவது தெரியுமா?"

டோக்கன் சட்டென்று நோட்டைப் புரட்ட ஆரம்பித்தாள். ஆனால் கள்ளத்தனம் அவள் முகத்தில் ஒரு நாளும் நின்றதில்லை. நான்கு பேரும் அவளையே பார்த்தார்கள்.

"உனக்குத் தெரியும்," என்றார் டாக்டர். "படிச்சிருக்க. சொல்லும்மா."

"சொல்ல மாட்டேன்."

"டோக்கன், சம்பளம் குடுக்கறது நான்."

"பல்லைப் பிடுங்கினாலும் சொல்ல மாட்டேன் டாக்டர். இன்னும் நாலு புஸ்தகம் வாங்கிக் குடுங்க. எல்லாரும் படிச்சிட்டு வாங்க. அடுத்த சனிக்கிழமை ஒரு மணிக்குப் பேசலாம். வாத்தியாரையும் சேத்து."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. ஒரு மணிக்கு டோக்கன் கொடுக்கச் சொல்லி இன்னும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. டாக்டர் அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கத்து நாற்காலியை, அதில் கட்டியிருந்த புத்தகத்தை, இதற்குள்ளாகவே அங்கே போய் உட்கார்ந்து பக்கம் தேட ஆரம்பித்துவிட்ட வாத்தியாரைப் பார்த்தார்.

"அடுத்த சனிக்கிழமையா? ஒரு வாரம் தாங்காதும்மா," என்று கெஞ்சினார் டாக்டர்.

தினம் பத்துப் பேர் போனில் அவளிடம் அழும் அழுகை அது. ஒவ்வொருத்தருக்கும் எப்படியாவது இடம் பண்ணிக் கொடுத்துவிடுவாள். டாக்டரே அதைச் சொல்லிக் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. சந்தோஷம் தாங்கவில்லை.

"தாங்கும் டாக்டர்," என்றாள்.