வெளுத்த முட்டைகள்

நெற்றி புடைத்தது ஆண், மெலிந்தது பெண் என்று கண்டனூர்த் தச்சர் ஆண்டியப்பன் 1972இல் மதுரைக்குப் போய், தானே பார்த்து வாங்கிவந்த ஏஞ்சல் மீன்கள் அவை. எந்நேரமும் ஜோடியாகத்தான் திரிந்தன. ஆனாலும் மூன்று முறை இட்ட முட்டைகளும் பொரிக்காமல் வெளுத்துப்போயின.

“பொட்டை சரியில்ல. வேற பாக்கணும்” என்றார்.

மனைவி சிகப்பிக்குச் சுருக்கென்றது. எட்டு வருடமாகப் பிள்ளையில்லை; சோதனைக்கு ஆஸ்பத்திரி போய்வந்ததும் அவள் மட்டும்தான். மாமியார் இதையே சொல்லித்தான் அரியக்குடியில் இரண்டாந்தாரமாகப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

அடுத்த முறை சிகப்பி தொட்டியை விட்டு நகரவில்லை. மெலிந்த மீன் இலையில் முட்டையிட்டு விலகியதும், நெற்றி புடைத்த மீனும் அதே இலையில் முட்டையிட்டது.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“ரெண்டுமே பொட்டை. முட்டை மேல குத்தமில்ல.”

ஆண்டியப்பன் குனிந்து இரண்டு மீன்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை சிவகங்கை ஆஸ்பத்திரிக்கு இந்தத் தடவை நீங்களும் வாரீக” என்றாள்.