ஒரு தட்டு என்றால் முன்னே

கூப்பிட்டது என்னையா, என் கையையா? கேட்டுவிடலாம். கேட்டால் பதில் வந்துவிடும். அதற்குத்தான் பயம்.

படகின் மேல்தளத்திலிருந்து அவர் கை நீட்டினார். நான் அதைப் பிடிக்காமல் ஏறினேன். என்னையும் வீட்டையும் விட்டு அவர் போன பிறகு இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"கியர் பிடிக்கவே மாட்டேங்குது. லீவரைத் தள்ளினா என்ஜின் கத்துது, படகு அசையல," என்றார். பிறகு பழைய சிரிப்போடு, "கீழ்வீட்டம்மா இல்லாம இதுக்குப் போக மனசு வரல போல."

படகில் நாங்கள் விளையாட்டாக வைத்துக்கொண்ட பெயர்கள். கீழே என்ஜினோடு இருக்கும் கீழ்வீட்டம்மா நான். அவர் மாடிவீட்டுக்காரர். படகைப் பழசாக வாங்கியபோதே மேலே இருக்கும் லீவரையும் கீழே இருக்கும் கியர்பெட்டியையும் இணைக்கிற கேபிள் துருப்பிடித்து இறுகியிருந்தது. மாற்றலாம் மாற்றலாம் என்று மாற்றவே இல்லை. பாய் இறக்கி கரையை நெருங்கும்போதெல்லாம் நான் என்ஜினுக்குப் பக்கத்தில் குந்தி, கியர்பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன். அந்தச் சத்தத்தில் குரல் கேட்காது. அவர் குதிகாலால் பலகையைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் முன்னே, இரண்டு பின்னே, மூன்று நியூட்ரல். நேரில் பேசியதைவிடப் பலகை வழியாக நன்றாகப் பேசிக்கொண்டோம்.

கீழே இறங்கி, என்ஜினை மூடியிருந்த படியைத் தூக்கி வைத்தேன். உள்ளே புதுக் கேபிள் மினுங்கியது.

"யார் போட்டது?"

"நான்தான். அவளுக்கு டீசல் வாசம் ஒத்துக்காது. கீழ உக்கார முடியாது."

எனக்கு மட்டும் ஒத்துக்கொண்டதா? ஒரு கேபிள் மேல் போய்ப் பொறாமைப்படுவேன் என்று நான் நினைத்ததில்லை.

"லீவரைத் தள்ளுங்க."

கைப்பிடி நகர்ந்தது. போக வேண்டிய இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது. கோளாறு கியரிலா கேபிளிலா என்று தெரிய ஒரே வழிதான். கிளிப்பை உருவிக் கேபிளைக் கழற்றினேன். என்ஜினைப் போடச் சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தேன். என் உள்ளங்கை பட்ட இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்திருந்தது.

மேலே குதிகால் ஒருமுறை தட்டியது.

அவர் யோசித்துத் தட்டியிருக்க மாட்டார். நானும் யோசிக்கவில்லை. கை தானாகப் போய்விட்டது. டக்கென்று கியர் விழுந்தது, தண்டு சுழன்றது, கரையோடு கட்டியிருந்த கயிறுகள் முறுகின. எனக்கு முன்னால் என் கை அவரை மன்னித்துவிட்டது போலிருந்தது. எண்ணெய் நெடியில் கண் எரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று தட்டு. திருப்பினேன். என்ஜின் நின்றது.

"பாத்தியா, உன் கைக்குத்தான் கட்டுப்படுது."

"கியர் நல்லாத்தான் இருக்கு. கேபிள் முனையைத்தான் சரியா வைக்கல."

நட்டைத் தளர்த்தி, முனையைத் திருகி நீளத்தைச் சரிசெய்து மாட்டினேன். முன்னும் பின்னும் தள்ளச் சொன்னேன். இப்போது இரண்டு பக்கமும் கைப்பிடி கடைசி வரை போனது. அரைகுறையாக விட்டிருக்கலாம். நட்டை நன்றாகவே இறுக்கினேன்.

அவர் கீழே இறங்கி வந்தார். "எதிர்க்கரை வரைக்கும் வாயேன். காத்து வேற அடிக்குது. நடுவுல கழண்டுச்சுன்னா கரைச் சுவத்துல போய் மோதும். கேபிள் வேணாம், நீயே பிடிச்சுக்கோ. இன்னைக்கு மட்டும்."

"அங்க யாரு?"

அவர் என்ஜினைப் பார்த்தார். "பெட்டியோட நிக்கிறா."

"ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பியா?"

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

நான் கேட்காமலேயே பதில் வந்துவிட்டது. கந்தையில் கையைத் துடைத்தேன். ரேகைக்குள் போன கறுப்பு வரவில்லை.

"கழலாது. இனிமே ஒரு ஆள் போதும்."

"எனக்காகம்மா."

படியை எடுத்த இடத்தில் பொருத்தி, அது ஆடாமல் நிற்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன்.

"நான் வரலைங்க," என்றேன்.