அச்சின் மேல் உட்கார்ந்தவள்

"உருக்குறதா இருந்தா என்னையும் சேத்து உருக்குங்க!" என்று சொல்லிவிட்டு, சின்னவள் அச்சின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

பட்டறை மொத்தமும் வாயைப் பிளந்தது. அச்சை உருக்கச் சொன்னவர் முதலாளி; அவளுடைய சொந்த அண்ணன்.

பேருந்தின் தரைப் பலகைக்குள் வைக்கும் தேன்கூடு போன்ற பிளாஸ்டிக் கூட்டை வார்க்கும் பட்டறை அது. இப்போதுதான் முதல்முறையாக பம்பருக்குள் வைக்கும் கூட்டுக்கு ஆர்டர் வந்திருந்தது. வண்டி லேசாக முட்டும்போது கூடு அதிகம் அமுங்கக் கூடாது. அமுங்கினால் பின்னாலிருக்கும் விளக்கு நொறுங்கிவிடும்.

இதற்காகச் சின்னவள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு புதுக் கூடு வரைந்தாள். அறுகோண அறைகளின் சுவர்கள் சந்திக்கும் மூலைதோறும் ஒரு குட்டி அறுகோணம், கூட்டுக்குள் கூடு. எடை கூடாமலிருக்கச் சுவர்களை மெல்லிசாக்கினாள். அதற்கென்று ஒரு புது அச்சும் செய்தாள்; இப்போது உட்கார்ந்திருப்பது அதன் மேல்தான். இன்று சோதனை. எல்லோரும் 'கிலோ' என்று கூப்பிடும் அழுத்து இயந்திரக்காரர், பழசையும் புதுசையும் வழக்கம்போலப் படுக்க வைத்து அமுக்கினார். இரண்டுக்கும் முள் ஒரே இடத்தில் நின்றது. அவ்வளவுதான், அண்ணன் குதிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இத்தனை பூ வேலைக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல. இறங்கும்மா, மானம் போகுது."

"மேலருந்து அமுக்கினா ஒண்ணாத்தான் இருக்கும் அண்ணா. பொருள் ஒண்ணு, எடை ஒண்ணு. பஸ்ஸுல ஏறுறவன் மேலருந்து மிதிப்பான். பம்பர்ல மோதுறவன் எங்கருந்து மோதுவான்? விளிம்புலதானே!"

"காலங்காலமா இங்க படுக்க வச்சுத்தான் பாக்குறோம்."

"காலங்காலமா இங்க தரைதான் செஞ்சோம்!"

கிலோ சிரிப்பை அடக்க இருமினார்.

"இந்த வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. நிமிர்த்தி வச்சும் தோத்தா?" என்றார் அண்ணன்.

"நானே அச்சை உலைக்குத் தள்ளிட்டுப் போறேன்."

அச்சிலிருந்து இறங்கி, பழைய கூட்டை இயந்திரத்தில் விளிம்பில் நிறுத்தி, சாயாமல் இருபுறமும் தகடு கொடுத்தாள். பக்கத்தில், கூட்டைவிட ஒரு விரற்கடை தாழ்வாக, ஒரு பம்பர் விளக்கை வைத்தாள். கூடு அவ்வளவு அமுங்கினால் விளக்கு காலி.

கிலோ அழுத்தத்தை ஏற்றினார். ஆர்டரில் கேட்ட சுமை வருவதற்குள் படீர்! கண்ணாடிச் சில்லு கிலோவின் செருப்புவரை வந்தது.

அடுத்தது புதுக் கூடு, புது விளக்கு. பழசு விளக்கைப் பலிகொடுத்த சுமை வந்தது. விளக்குக்கு மேல் இன்னும் பாதி இடைவெளி மிச்சம்.

"இன்னும் ஏத்து," என்றார் அண்ணன்.

"கேட்ட சுமை தாண்டிருச்சு முதலாளி."

"ஏத்துங்க," என்றாள் சின்னவள்.

ஏற்றினார். ஒரு காகிதம் நுழையும் இடைவெளியில் அவரே பயந்துபோய் நிறுத்தினார். அழுத்தம் விலகியதும் கூடு பழையபடி நிமிர்ந்தது.

அண்ணன் விளக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தோற்றது தானில்லை என்பதுபோலக் குரலை உயர்த்தினார்.

"சரி, இனிமே எல்லாத்துக்கும் புதுசுதான். தரைக்கும் இதையே வார்ப்போம். அந்தப் பழைய அச்சை உருக்கிடுங்க!"

சின்னவள் நேராகப் போய்ப் பழைய அச்சின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"இப்ப என்னடி?"

"தரைக்கு இதுதான் சரி அண்ணா. அதே பலம், பாதி வேலை. உருக்குறதா இருந்தா..."

"தெரியும், தெரியும்," என்று தலையில் கைவைத்தார் அண்ணன். "உன்னையும் சேத்து!"