தூங்குமூஞ்சியின் புள்ளிகள்

அந்த வீட்டில் கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் போட்டவர் லிஃப்ட் மெக்கானிக். மற்றவர்களை மாடி மாடியாக ஏற்றி இறக்குவதில் கெட்டிக்காரர்தான். ஆனால் மவுஸை எப்படிப் பிடிப்பது என்பதையே போன வருஷம்தான் கற்றுக்கொண்டார், மகன் சாலை விபத்தில் போன பிறகு.

மகன் இருந்தபோது அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு வேலையை ஓட்டிவந்தான். எங்கோ ஓர் ஆராய்ச்சிக்கூடம், புரதங்கள் என்ன வடிவத்தில் மடங்கும் என்று கணக்குப் போடுகிறது. கணக்கோ மலையளவு. அதனால் அதைத் துண்டு போட்டு, தங்கள் கம்ப்யூட்டரை இரவல் தர முன்வருகிறவர்களுக்கெல்லாம் இணையத்தில் அனுப்பிவைக்கும். முடித்துத் திருப்பி அனுப்பினால் புள்ளி. அந்தப் புள்ளியை வைத்து ஒரு டீ கூடக் குடிக்க முடியாது. "சும்மா கிடக்கிற மெஷின், யாருக்காவது உழைக்கட்டுமேப்பா" என்று மகன் சொன்னபோது, "புரதம்னா முட்டைதானே? அதை அவிக்கக் கம்ப்யூட்டர் எதுக்குடா?" என்று கேட்டுச் சிரித்தவர்தான் இந்த மெக்கானிக்.

புள்ளிப் பட்டியலில் மகன் கொடுத்திருந்த பெயர், அம்மா அவனைத் திட்டுகிற பெயர்: தூங்குமூஞ்சி. எடுத்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான் என்பது அவளுடைய நிரந்தரக் குற்றச்சாட்டு. அவன் போன பிறகும் தூங்குமூஞ்சி புள்ளி சேர்த்துக்கொண்டே இருந்தான். மெக்கானிக் தினமும் வேலைக்குக் கிளம்புமுன் பட்டியலைத் திறந்து அந்தப் பெயரைப் பார்ப்பார். இருந்தால் அன்றைய பொழுது எப்படியோ ஓடிவிடும்.

ஒருமுறை பவர் சப்ளை எரிந்துபோய், கம்ப்யூட்டர் ஒரு வாரம் கடையில் கிடந்தது. வந்ததும் திறந்து பார்த்தால் பெயருக்கு எதிரே இருந்த எண் பாதியாகியிருந்தது. மெஷின் நின்றால் புள்ளி கரையும், கரைந்து பூஜ்யமானால் பெயரையே தூக்கிவிடுவார்கள் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அன்றைக்குப் போட்டதுதான் அந்தச் சட்டம்.

இப்போது சட்டத்துக்கு ஆபத்து மருமகள் ரூபத்தில் வந்தது. கட்டட வரைபடம் போடுகிறவள். வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்திருந்தது. கம்ப்யூட்டரை அவளே கொண்டுவர வேண்டும், அதில் ஆபீஸ் வேலையைத் தவிர வேறெதுவும் ஓடக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. அந்த மெஷின் அவள் சம்பாத்தியத்தில் வாங்கியது. கேட்க எல்லா உரிமையும் இருந்தும், பாவம், பல நாள் வார்த்தையை மென்று முழுங்கினாள். கடைசியில் ஒரு காலை, அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேவிட்டாள்.

"அது ஓடிட்டு இருக்கும்மா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"ஓடட்டும், ஓடட்டும். அந்தப் பொண்ணு பொழைக்க வேண்டாமா?" என்றாள் அவர் மனைவி அடுக்களையிலிருந்து.

மெக்கானிக் பொத்தானை விட்டார். "நிறுத்தினா அவன் பேரு போயிடும்மா."

மாமாவுக்கு இது ஏதோ பொழுதுபோக்கு என்றுதான் மருமகள் அதுவரை நினைத்திருந்தாள். அவர் குரலைக் கேட்டதும்தான் அது இல்லை என்று புரிந்தது.

"பேரு போயிடும்னு யாரு மாமா சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? கண்ணால பார்த்தேனே. பாதியாப் போச்சு."

"எனக்கும் இதுல ஒண்ணும் தெரியாது. ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து படிச்சுப் பார்ப்போம். படிச்சப்புறமும் பேரு போயிடும்னு தெரிஞ்சா, நான் இதைக் கேட்கவே மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். உதவிப் பக்கத்தில் இருந்த சொற்கள் முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவள் ஒவ்வொன்றாகப் படித்துப் படித்துச் சொன்னாள்.

"புரதம் முதல்ல நீளமான சங்கிலியா இருக்குமாம். அதை நம்ம மெஷின் விதவிதமா மடிச்சுப் பார்க்குது. எந்த மடிப்புல ஆற்றல் ரொம்பக் குறைவோ, அதுதான் நிஜ வடிவத்துக்குக் கிட்ட இருக்கும்னு கணக்கு."

"குறைஞ்சா எப்படிம்மா நல்லது?"

"உருட்டிவிட்ட பந்து பள்ளத்துல போய் அடங்குதுல்ல, அந்த மாதிரி." அவள் அடுத்த வரிக்குப் போனாள். "ஒரே துண்டை ரெண்டு பேருக்கு அனுப்புவாங்களாம். ரெண்டு விடையும் ஒத்துப்போனாத்தான் ரெண்டு பேருக்கும் புள்ளி."

"ஏன், நம்ம மேல நம்பிக்கை இல்லையாமா?"

"யாரு மேலயும் இல்லையாம் மாமா."

அந்த ஏற்பாடு மெக்கானிக்குக்குக் கொஞ்சம் பிடித்துக்கூடப் போனது. அடுத்துதான் புள்ளி விவகாரம் வந்தது. அவள் விரல் திரையில் நின்றது.

"மாமா, நீங்க தினமும் பார்க்கிறது எது? இந்த நம்பரா?"

"அதேதான்."

"இது சமீபத்துச் சராசரி. இப்போ என்ன வேகத்துல வேலை நடக்குதுன்னு காட்டுது. வேலை நின்னா வாரத்துக்கு வாரம் பாதியாகும். மொத்தப் புள்ளி பக்கத்துல இருக்கு, பாருங்க." அவள் புள்ளிக் கணக்கின் வரைபடத்தைத் திறந்தாள். மெஷின் கடையில் கிடந்த வாரத்தில் ஒரு கோடு சரிந்திருந்தது. இன்னொன்று தரைபோலச் சமமாகப் போயிருந்தது. "மொத்தம் ஒரு புள்ளி கூடக் குறையல. பேரையும் எடுக்க மாட்டாங்களாம், இதோ எழுதியிருக்கு."

அவர் இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். நம்ப ஆசைதான். நம்பித்தான் தொலைக்க முடியவில்லை.

"மெஷினே இல்லாம அது எப்படிம்மா நிக்கும்? விழுந்துடாதா?"

மருமகள் அவர் பக்கம் திரும்பினாள். "லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவங்க போன் பண்ணி அழுதா நீங்க என்ன மாமா சொல்லுவீங்க?"

அதை அவர் சொல்ல வேண்டியதே இல்லை. சாப்பாட்டுக்கு நடுவிலும் தூக்கத்துக்கு நடுவிலும் அவர் சொல்லிச் சொல்லி அந்த வீட்டுக்கே மனப்பாடமான பேச்சு அது.

"கரண்ட் போனா பிரேக் தானாப் பிடிச்சுக்கும். நின்ன இடத்துல நிக்கும்" என்றாள் மனைவி அடுக்களையிலிருந்து. கொஞ்சம் பொறுத்து, "விழாது" என்றாள்.

மெக்கானிக் மூக்கை உறிஞ்சினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வேற ஒரு கம்ப்யூட்டர் வாங்கி இதே பேர்ல ஓட்டலாம் மாமா" என்றாள் மருமகள் மெதுவாக.

"வேண்டாம்மா. அவன் ஓடவிட்டுப் போன மெஷின் இது, அதனால ஓட்டினேன். இன்னொண்ணை வாங்கி ஓட்டினா, அது நான் சேர்க்கிறதாயிடும்."

புதுத் துண்டு எதுவும் வேண்டாம், கையில் இருப்பதை முடித்தால் போதும் என்று சொல்ல ஒரு பொத்தான் இருந்தது. அதை அவரே அழுத்தினார். அடுத்த சில நாட்களில் துண்டுகள் ஒவ்வொன்றாக முடிந்தன. கடைசித் துண்டு முடிகிறபோது வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். விடை போய்ச் சேர்ந்தது. மெஷினையும் அவரே அணைத்தார். மின்விசிறி நின்றதும் அந்த அறையில் உட்கார முடியவில்லை அவரால்.

மருமகள் கம்ப்யூட்டரோடு ஊருக்குப் போனாள். சராசரி பாதியானது, அதிலும் பாதியானது. ஏன் குறைகிறது என்று இப்போது தெரியும். தெரிந்தாலும் ஒவ்வொரு முறையும் சுருக்கென்றது. மொத்தம் மட்டும் அப்படியே நின்றது.

ஒரு மத்தியானம், ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி அறையில் லிஃப்ட் மோட்டாரைச் சரிபார்த்துவிட்டு, வழக்கம்போலப் போனில் பட்டியலைத் திறந்தார். மொத்தம் மாறியிருந்தது. கூடியிருந்தது. கிரீஸ் கையோடு மருமகளைக் கூப்பிட்டார்.

அவள் தேடிப் பார்த்துச் சொன்னாள். "கடைசித் துண்டு இருக்கே மாமா, அதைச் செய்ய வேண்டிய இன்னொரு ஆள் கெடு தாண்டியும் அனுப்பலையாம். அதனால வேற ஒருத்தருக்குக் கொடுத்திருக்காங்க. அவரு இப்பத்தான் முடிச்சிருக்காரு. நம்மளோடது சரின்னு ஆயிடுச்சு."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் போனைக் காட்டினார். இத்தனை நாளில் ஒருமுறைகூட அந்தப் பட்டியலை எட்டிப் பார்க்காதவள், வாங்கிக் கையை நீட்டிப் பிடித்து, தூங்குமூஞ்சி என்ற எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"இன்னும் ஏதாவது வர வேண்டியது இருக்கா?"

"இல்ல. இதுதான் கடைசி."

"எல்லாத்தையும் முடிச்சுட்டானா?"

"முடிச்சுட்டான்."

அவள் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதுவரை ஆளுக்கொரு மூலையில் அழுதுகொண்டிருந்தவர்கள், அன்றைக்குத்தான் ஒன்றாக உட்கார்ந்து அழுதார்கள்.