லார்கா என்றால்தான் அணி நகரும்

டிபோலாக் அலைகள் கூடைப்பந்து அணியின் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி மேலாளர் ஆல்டெகெர் கேட்டபோது, வேறு யாரையோ நினைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறார் என்றுதான் தோன்றியது. பகலில் நான் மத்தி ஆலையில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறேன். மாலையில் கல்லூரிக்குப் போகிறேன். ஆல்டெகெர் அங்கே எங்களுக்கு வணிகப் பாடம் எடுப்பவர். என் கட்டுரைகளில் தவறு குறைவு என்பது அவர் எண்ணம். எத்தனை முறை அடித்து எழுதுகிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

"ஒரு பக்கம் போதும் ஜெசல். இந்த வருஷம் லீக் தொடக்க விழா முதல் தடவையா நம்ம ஊர்ல நடக்குது. டிவில காட்டுவாங்க. அறிவிப்பாளர் படிப்பாரு. கேக்குறவன் நெஞ்சை நிமித்தணும்."

"தோத்ததை எல்லாம் எழுதலாமா சார்?"

"எழுது. ஆனா எல்லாத்தையும் எழுதாத. ஒரு பக்கம் பத்தாது."

வருடவாரியாகக் குறிப்பெடுத்தேன். முதல் வருடம் எங்கள் அரங்கத்தின் கூரை ஒழுகியது. மழை பெய்தால் ஆட்டம் நிற்கும். மக்கள் கீழே இறங்கி, போட்டிருக்கும் சட்டையைக் கழற்றித் தரையைத் துடைத்துவிட்டு, ஈரச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி போய் உட்காருவார்கள். வெளியூர் நடுவர் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாராம். எங்கள் ஊர்த் தொழிலே மத்தி என்பதால், வெளியூரில் ஆடப்போனால் அங்குள்ளவர்கள் மத்தி டப்பாக்களைத் தூக்கிக் காட்டி, "டப்பாக்குள்ள போங்கடா!" என்று கத்துவார்கள். அணி முதன்முதலாக அரையிறுதிக்குப் போன வருடம், எங்கள் ஊரே காலி டப்பாவில் கூழாங்கல் போட்டு எடுத்துக்கொண்டு அரங்கத்துக்கு வந்தது. அந்தச் சத்தத்தில் எதிரணிக்காரர்கள் பந்தைத் தட்டும் ஓசை அவர்களுக்கே கேட்கவில்லை. கேலிப் பொருள் எங்கள் மேளமாகிவிட்டது. இன்றுவரை டப்பா இல்லாமல் யாரும் ஆட்டம் பார்க்க வருவதில்லை.

இதையெல்லாம் எழுதுவது சுலபமாக இருந்தது. மனாங் பாசிங்கிடம் வந்தபோதுதான் பேனா நின்றது.

தொடக்க விழாவில் ஒவ்வொரு அணிக்கும் முன்னால் ஒரு பெண் அணியின் பெயர்ப் பலகையைப் பிடித்து நடப்பாள். அவளை மியூஸ் என்போம். தெருமுனைப் போட்டியில்கூட மியூஸ் இல்லாத அணி கிடையாது. பெரிய லீக்கில் அழகிப் பட்டம் வென்றவர்களும் நடிகைகளும் வருவார்கள். முதல் வருடம் வடக்கே லூசோன் தீவில் நடந்த விழாவுக்கு எங்கள் அணி முன்னதாகவே போய்விட்டது. மியூஸாக நடக்கவேண்டிய பெண் ஏறவேண்டிய கப்பலைப் புயல் எச்சரிக்கையால் நிறுத்திவிட்டார்கள். பையன்களுக்குச் சமைத்துப்போட உடன் போயிருந்த மனாங் பாசிங்கின் கையில் பலகையைக் கொடுத்தார்கள். அவர் சந்தையில் கருவாடு விற்பவர்; ஊருக்கே மனாங், அதாவது அக்கா. சமையல்கட்டு ரப்பர் செருப்போடு அரங்கத்துக்குள் நுழைந்ததும் கூட்டம் சிரித்தது. பையன்கள் வெட்கப்பட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்து, படகைக் கடலில் தள்ளும்போது கத்துவதுபோல "லார்கா!" என்று கத்தினாராம். கிளம்புங்கடா என்று அர்த்தம். கால்கள் தாமாக நகர்ந்தன என்று அணித் தலைவர் ரொம்னிக் இன்றும் சொல்வார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விழாவிலும் மனாங் பாசிங்தான் மியூஸ். உள்ளூர் ஆட்டம் என்றாலும் வாசலில் அவர் "லார்கா!" என்று கத்திய பிறகுதான் அணி உள்ளே ஓடும்.

இந்த வருடம் அப்படி இல்லை. தொலைக்காட்சிக்காரர்கள் கேட்டுக்கொண்டதால், மணிலாவிலிருந்து நடிகை வெரோனிக்கா லுனார் வருகிறார். மனாங் பாசிங்குக்கு மேல்வரிசையில் ஒரு நல்ல இருக்கை ஒதுக்கியிருந்தார்கள்.

அவரைப் பற்றிய பத்தியைப் பக்கத்தில் சேர்க்கலாமா என்று கேட்கச் சந்தைக்குப் போனேன்.

"என்னைப் பத்தி எதுக்குடி எழுதுற? டிவில என் பேரு வந்தா நாளைக்கு எல்லாரும் கருவாட்டை ஓசியில கேப்பாங்க."

"உங்களுக்கு வருத்தம் இல்லையா மனாங்?"

"என்ன வருத்தம்? அந்தப் பொண்ணு அழகா இருக்கா. நான் நடந்தா முழங்கால் கடகடன்னு சத்தம் போடுது." ஈயை விரட்டிக்கொண்டே பேசினார். கருவாட்டுத் தட்டில் ஈயே இல்லை. "உக்காந்தே பாக்கறேன். இத்தனை வருஷத்துல பையனுங்க நடந்து வர்ற அழகை ஒரு தடவையாவது முன்னாடி இருந்து பாத்திருக்கேனா?"

அடுக்கிவைத்த கருவாட்டுக்குப் பின்னால், சலவை செய்து மடித்த அணிச் சட்டை ஒன்று பையில் இருந்தது. கடைசி நேரத்தில் யாராவது வந்து கூப்பிட்டால் போட்டுக்கொள்ள வைத்திருக்கிறார் என்று புரிந்தது. பத்தியை எழுதினேன். அதிகமாக எழுதிவிட்டேனோ, குறைவாக எழுதிவிட்டேனோ என்று நான்கைந்து முறை மாற்றினேன்.

ஆல்டெகெர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த நடிகை முன்னாடி இதைப் படிச்சா அவங்களுக்குச் சங்கடமா இருக்காதா? பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் எங்கள் ஊரில் இல்லை என்று அர்த்தம்.

விழாவன்று மனாங் பாசிங்கின் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே அணிச் சட்டை, மேலே ஒரு பழைய மேலங்கி. யாரும் கூப்பிடவில்லை. அறிவிப்பாளர் என் பக்கத்தைப் படித்தார். ஒழுகும் கூரைக்குக் கைதட்டல். டப்பா மேளத்துக்கு அரங்கம் முழுக்கக் கூழாங்கல் சத்தம். கூரையிலிருந்து நேராக டப்பாவுக்குத் தாவிவிட்டார். நடுவில் இருந்த மனாங் பாசிங் பத்தி இல்லை.

"நல்லா எழுதியிருக்க இந்தாய்" என்று, சின்னப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல் செல்லமாகச் சொல்லி, மனாங் பாசிங் என் கையைத் தட்டிக்கொடுத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியூர் அணிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கடைசியாக எங்கள் அணி. விளக்குகள் அணைந்து ஒரே ஒரு வெளிச்சம் வாசலில் விழுந்தது. விமானம் தாமதமானதால் ஒத்திகை பார்க்க நேரமில்லை என்று பிறகு சொன்னார்கள். வெரோனிக்கா லுனார் பலகையை உயர்த்திப் புன்னகைத்தபடி நடந்துவந்தார். உண்மையிலேயே அழகுதான். அரங்கத்தின் நடுவுக்கு வந்து, ஒரு கையை வீசி, "டிபோலாக் அலைகள்!" என்று திரும்பினார்.

பின்னால் ஒருவரும் இல்லை.

வாசலில் ரொம்னிக் நிற்கிறார். அவருக்குப் பின்னால் மொத்த அணியும் நிற்கிறது. ஒருவர் காதில் ஒருவர் ஏதோ கேட்கிறார்கள். எதிர்ப்பு ஒன்றும் இல்லை. சத்தியமாக இல்லை. எப்போதும் கேட்கும் அந்தச் சொல்லுக்காக எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். நடிகையின் சிரிப்பு மெல்லக் கலைந்தது. வெளியூர்ப் பக்கத்திலிருந்து எவனோ, "மத்தி இன்னும் டப்பாவைத் திறக்கலையா?" என்றான். சிரிப்பு பரவியது.

"அட கழுதைங்களா, என்னடா நிக்கிறீங்க?" என்று மனாங் பாசிங் முணுமுணுத்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முழங்கால் சத்தம் எனக்குக் கேட்டது.

"லார்கா!"

மேல்வரிசையிலிருந்து அந்தக் குரல் கூரையைத் தொட்டு இறங்கியது. அந்தக் கணமே மொத்த அணியும் உள்ளே பாய்ந்தது. பிறகு எல்லா டப்பாவும் ஒன்றாகக் குலுங்க, ஊரே எழுந்து நின்று அதே சொல்லைத் திருப்பிக் கத்தியது. நடிகை ரொம்னிக்கிடம் ஏதோ கேட்டார். அவர் எங்கள் பக்கம் கைகாட்டினார். நடிகை பலகையைத் திருப்பி மேல்வரிசையை நோக்கி உயர்த்திப் பிடித்துத் தலைகுனிந்தார். எனக்கு அவரை அப்போது மிகவும் பிடித்துப்போனது.

மனாங் பாசிங் மேலங்கியின் பொத்தானை அவிழ்த்து அணிச் சட்டையைக் காட்டியபடி கையசைத்தார். அழுதுகொண்டே திட்டினார். "அறிவு கெட்டவனுங்க. இத்தனை வயசாகியும் ஒருத்தன் சொல்லாம நகரத் தெரியலை பாரு!"

ஆட்டத்தின் இடைவேளையில் ஆல்டெகெர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"மனாங், அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு வாசலுக்கு வந்துடுங்க."

"எனக்குக் கடை இருக்கு சார்."

"மூடிட்டு வாங்க."

"கேக்குறீங்களா, சொல்றீங்களா?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "கேக்குறேன், மனாங்."

"அப்ப வர்றேன்."

பிறகு ஆல்டெகெர் என் பக்கம் திரும்பினார். "அந்தப் பத்தி என்கிட்டதான் இருக்கு. அடுத்த ஆட்டத்துல முழுசாப் படிக்கச் சொல்றேன்."

"இன்னைக்கு நடந்ததையும் சேக்கணும் சார். திருப்பிக் குடுங்க." அப்படிச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

"நான் கத்தினதை எழுது" என்றார் மனாங் பாசிங். "அந்த ரப்பர் செருப்பை மட்டும் எழுதாத."

இரண்டையும் எழுதியிருக்கிறேன்.