கண்ணாடியில் மஞ்சள்

நவமணியை நிரந்தரமாக்கும் கடிதம் துறைத் தலைவர் டாக்டர் நோர்மாவின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. பத்து வருடமாக அந்தப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தற்காலிக ஊழியராகக் குழாய்கள் கழுவி வந்தவள் அவள். கணவர் இறந்தபின் பாயான் பாருவில் இருந்த வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை.

அது 1996. ஆய்வாளர் சிவகுருநாதன் அந்த ஆய்வுக்கூடத்தில் கணினி இல்லாமல் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். புக்கிட் மெர்தாஜாம், சுங்கை பாக்காப் என்று ஆறு ஊர்கள். ஒரு மருத்துவ வேன் எந்த ஊருக்கும் இரண்டாம் முறை போகாமல் எல்லாவற்றையும் சுற்றி வர வேண்டும். ஊருக்கு ஒரு டி.என்.ஏ. துண்டு, சாலைக்கு ஒரு துண்டு. ஒரே துளி நீருக்குள் கோடிக்கணக்கான துண்டுகள் தாமாகவே ஒட்டி எல்லா வழிகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்க்கும். சரியான வழிக்கு ஒரு நீளம் உண்டு. கலவையை அகார்-அகார் எனும் கடற்பாசிக் களி போன்ற வில்லையில் நீளவாரியாகப் பிரியும்படி ஓடவிட்டு, ஊதா விளக்குப் பெட்டியின் கண்ணாடிமேல் வைத்தால், அந்த நீளத்துக்குரிய இடத்தில் ஒரு கோடு ஒளிர வேண்டும்.

சரஸ்வதி பூசைக்கு மறுநாள் கோடு ஒளிர்ந்தது. சிவகுருநாதன் அதைப் படம் எடுத்தார். டாக்டர் நோர்மாவே வந்து படத்தைப் பார்த்துக் கைகுலுக்கினார். படத்தை வெளிநாட்டு மாநாட்டுக்கு அனுப்ப ஏற்பாடானது.

அடுத்த வாரம் இருமுறை திரும்பச் செய்தபோது கோடு வரவில்லை.

"என் கையிலதான் ஏதோ கோளாறு அக்கா," என்றார் சிவகுருநாதன். மூன்று நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "இன்னும் ஒரு தடவைக்குத்தான் டி.என்.ஏ. துண்டு இருக்கு. நீங்க பூசையெல்லாம் செய்றீங்க, சாமிகிட்ட எனக்கும் சேர்த்துச் சொல்லுங்க லா."

பூசை என்ற சொல் கேட்டதும் நவமணியின் கை தொட்டிக்குள் நின்றது. கோடு வந்த வாரத்தின் வெள்ளிக்கிழமை விளக்குப் பெட்டியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தபோது பஞ்சு மஞ்சளாக வந்தது நினைவுக்கு வந்தது.

பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. திங்கட்கிழமை அவள் கடிதம் கையெழுத்தாகிவிடும். ஆனால் இந்த மனிதர், தான் புழங்கிய குழாய்களை ஒருமுறை அலசிவிட்டுத்தான் அவள் தொட்டியில் வைப்பார். பத்து வருடத்தில் வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை. அவர் தம் கையையே குறை சொல்லிக்கொண்டு நிற்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

"சார், அந்தக் கோடு நீங்க போட்டதில்ல. நான் போட்டது."

"என்னக்கா சொல்றீங்க?"

"பூசையன்னிக்கு எல்லா மெஷினுக்கும் மஞ்சள் வெச்சேன். இந்தப் பெட்டிக்கும்தான். மறுநாள் ஈரத்துணியால தொடச்சேன், சரியா போகல போல."

"கண்ணாடி மேலயா? வேற எடமே கெடைக்கலயா?" குரல் உயர்ந்தது.

"வெளக்கு எரியற எடமாச்சே சார்."

அவளே கைப்பையிலிருந்து மஞ்சள் பொட்டலத்தை எடுத்துத் தண்ணீரில் குழைத்து, கண்ணாடியில் ஒரு தீற்றல் இழுத்து, துணியால் துடைத்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சிவகுருநாதன் அறையை இருட்டாக்கி ஊதா விளக்கைப் போட்டார். சிறு கோடு ஒன்று ஒளிர்ந்தது.

அவர் மாநாட்டிலிருந்து படத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதி அனுப்பி, நோர்மாவுக்கும் ஒரு நகல் கொடுத்தார்.

அன்று பிற்பகல் நவமணி யாரும் கூப்பிடாமலே டாக்டர் நோர்மாவின் அறைக்குப் போனாள். இருவரும் மலாயில் பேசினார்கள்.

"வெறும் கண்ணாடியை முதலில் பார்க்காதது தன் தவறு என்று அவர் எழுதியிருக்கிறார்," என்றார் நோர்மா. "நீ உன் தவறு என்கிறாய். நான் யாரை நம்புவது?"

"இரண்டும் உண்மைதான் டாக்டர்."

"என் மைக்ராஸ்கோப்புக்கும் வைத்தாயா?"

"வைத்தேன். அடியில்தான், கண்ணாடியில் இல்லை."

நோர்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். நிரந்தரக் கடிதத்தை எடுத்துப் பார்த்தார். "இதை இப்போது மேலே அனுப்பினால் கேள்வி கேட்பார்கள். மார்ச் மாதம் நானே கொண்டுபோகிறேன். அதுவரை பழையபடி இரு." கடிதத்தைக் கிழிக்காமல் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

நவமணி திரும்பி வந்து சொன்னாள். சொல்லும்போது கண் கலங்கியது. சிவகுருநாதன் தலைகுனிந்து கேட்டார்.

கடைசிக் கலவையை அவர் மறுநாள் ஓடவிட்டார். வில்லையை வைப்பதற்கு முன் அவளை அழைத்தார்.

"வெறும் கண்ணாடிய நீங்க பாருங்க அக்கா."

"இருட்டா இருக்கு சார்."

வில்லையை வைத்தார். எதிர்பார்த்த இடத்தில் ஒன்றும் இல்லை. "இல்லை" என்று நோட்டில் எழுதித் தேதி போட்டார். கண்ணாடியைப் பார்த்தவர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினார்.

"புதுத் துண்டு வர எனக்கும் மார்ச் ஆயிரும்," என்றார். "சேர்ந்தே காத்திருப்போம் லா."