யுஸ்மாரி வீட்டு வாசலில் பாடியது

கிளோட்டில்டாவின் பராங் குழு பாடுவது ஸ்பானிஷ் கிறிஸ்துமஸ் பாட்டுகள். குழுவில் ஸ்பானிஷ் தெரிந்தவள் யுஸ்மாரி ஒருத்திதான். மற்றவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிளிப்பிள்ளை மாதிரிப் பாடுகிறவர்கள். நரம்பு வாத்தியம் வாசிக்கிற ராம்கெலவனுக்கு அந்தப் பாட்டுகளில் ‘மரியா’ மட்டும்தான் புரியும். வெனிசுவேலாவிலிருந்து படகேறி வந்த யுஸ்மாரி சேர்ந்த பிறகுதான், காலங்காலமாகப் பாடிவந்த ஒரு வரிக்கு அர்த்தமே இல்லை என்று தெரிந்தது. தீவின் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினில் யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை. குழுவே வயிறு வலிக்கச் சிரித்தது.

டிசம்பரில் வீடு வீடாகப் போய், சாத்திய கதவின் முன்னால் நின்று பாடுவார்கள். திறக்கும்வரை பாட வேண்டும். குழுவில் ஒருவர் வீட்டுக்கு மட்டும் போகாமல் விட்டால் அது அவமரியாதை. யுஸ்மாரி மட்டும் தன் வீட்டுக்கு வரவேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். ஏழ்மைக்குக் கூச்சப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டாள் கிளோட்டில்டா. நல்ல மனசுதான். நல்ல மனசுக்காரர்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும், யுஸ்மாரியை ஒருநாள் காரில் இறக்கிவிட்டிருந்த ராம்கெலவன் வழிகாட்ட, குழு முழுவதும் போய் நின்றது. சன்னலில் போர்வை தொங்கியது. பாடினார்கள். கதவு திறக்கவில்லை. வழக்கப்படி இன்னும் உரக்கப் பாடினார்கள். ரொட்டிக் கடையில் நின்றவர்கள் ஆடிக்கொண்டே வந்துவிட்டார்கள்.

எதிர்வீட்டுக்காரி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “காலி வீடுன்னுல்ல நெனச்சேன். இந்த வெனிசுவேலாக்காரங்க இங்கயும் வந்துட்டாங்களா?” என்றாள்.

கதவு திறந்தது. யுஸ்மாரி மேடையில் சிரிப்பதுபோலவே சிரித்தாள். எல்லாரையும் உள்ளே அழைத்து, பாட்டின் அடுத்த அடியைத் தானே எடுத்துக் கொடுத்தாள். குரலில் பிசிறு இல்லை. எதிர்வீட்டுக்காரிகூடக் கைதட்டினாள்.

யுஸ்மாரியின் பின்னாலேயே அடுப்படிக்குப் போனாள் கிளோட்டில்டா.

“ஏம்மா, எங்ககிட்ட என்ன வெக்கம்? நாங்க மட்டும் என்ன அரண்மனைலயா இருக்கோம்?”

யுஸ்மாரி காப்பியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “வெக்கம் இல்லக்கா. இந்த ஊர்ல தங்குறதுக்கு எங்கிட்ட பேப்பர் இல்ல. போன வாரம் பின்தெருல ஒரு குடும்பத்தையே போலீஸ்ல புடிச்சிட்டுப் போனாங்க. பக்கத்து வீட்டுலருந்துதான் போன் போச்சாம்.”

கிளோட்டில்டா கூடத்துப் பக்கம் திரும்பினாள். பாட்டை நிறுத்திவிட்டு எல்லாரையும் கிளப்புகிறேன் என்றாள்.

“வேண்டாம். இன்னும் ரெண்டு பாட்டு பாடுங்க. நிறுத்தினா எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பிருவாங்க.”

கிளோட்டில்டா கூடத்துக்குப் போய்த் தன் மராக்காஸ் கிலுகிலுப்பைகளைக் கையில் எடுத்தாள். தன் கையாலேயே தன் வாயில் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. தாளம் தப்பியது. கிழவிக்கு ரம் ஏறிவிட்டது என்று ராம்கெலவன் கிண்டலடிக்க, அறையே சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள். இன்னொன்று, இன்னொன்று என்று ரொட்டிக் கடையிலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள்.

அடுப்படித் திரை காற்றில் விலகியது. கொல்லைக் கதவருகில் ஒரு பை. யுஸ்மாரி மண்டியிட்டுத் தன் சின்ன மகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டே இன்னொரு காலையும் நீட்டியது.